பதினான்காம் படிக்கு முத்திரை இல்லை

நுகினா ஹிசாயோவை அந்த ஆபீசில் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அங்கே யாரையும் பிடிக்காது. ஐந்து வருஷமாக இந்த ஏற்பாடு இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போயிருந்தது.

ஆபீஸ், ஸகாய் நகரத்தில் ரயில் பாதையை ஒட்டிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. பதினோரு பேர். முதியோர் இல்லங்களுக்குப் பதிவு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனி. யார் எவ்வளவு சாப்பிட்டார், யாருக்குக் காய்ச்சல், யார் எந்த மருந்தை விழுங்கினார் என்று இல்லத்துப் பணியாளர்கள் செல்போனில் தட்டுவார்கள். தட்டியதெல்லாம் இங்கே வந்து டேபிள்களில் சேரும். நாற்பத்து மூன்று இல்லங்கள் இவர்களை நம்பிக் காகிதத்தை விட்டிருந்தன.

ஹிசாயோவுக்கு ஐம்பத்தேழு வயது. பதினெட்டு வருஷம் இல்லங்களில் படுக்கை மாற்றி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள். ஒரு நாள் எண்பது கிலோ மனிதர் ஒருவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்பில் டிஸ்க் நழுவியது. இனிமேல் எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். தூக்காமல் செய்கிற பராமரிப்பு வேலை கிடையாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பயிற்சி வகுப்புகளின் பட்டியலை நீட்டினார்கள். அதில் டேட்டாபேஸ் என்றிருந்த வரியில் விரலை வைத்தாள். உட்கார்ந்து செய்யலாம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வகுப்பில் எல்லோரும் அவள் மகன் வயசு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், ஒரு பேர், தவறான இடத்தில் வைத்தால் யாருக்காவது அடிபடும் என்கிற விஷயம் அவளுக்குப் புதிதில்லை. மருந்து அலமாரியும் அப்படித்தான்.

கணவர் ஹிமெஜியில் வேறொருத்தியோடு இருந்தார். மகன் நகோயாவில், புத்தாண்டுக்குப் போன் செய்வான். இடுப்பு இருக்கிற நிலையில், இந்த வேலை போனால் அடுத்தது கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். அவளுடையது வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. ஐந்து வருஷத்தைத் தாண்டி ஒரு நாள் ஒப்பந்தம் நீண்டாலும், நிரந்தரமாக்கு என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு வந்துவிடும் என்று சட்டம் இருந்தது. அந்த மார்ச் முப்பத்தொன்றோடு அவளுக்கு ஐந்து வருஷம் முடிந்தது. புது ஒப்பந்தம் அச்சாகி பிரிவுத் தலைவர் கஷிவாயின் இழுப்பறையில் கிடந்தது. அவரை எல்லோரும் கச்சோ என்று பதவியைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய முத்திரை விழ வேண்டியதுதான் பாக்கி. ஒரு மாதமாக, "பாக்கலாம், வருஷ முடிவு வேலை நல்லபடியா முடியட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் கொடுத்த வேலை வாசிப்பது. டேட்டாபேசில் கை வைக்கும் எதையும் அந்தக் கம்பெனியில் இரண்டு பேர் சேர்ந்துதான் செய்வார்கள். செய்முறைத் தாள் ஒன்று இருக்கும், படிப்படியாக எண் போட்டு. ஒருவர் அதை விரலால் தொட்டு உரக்க வாசிப்பார். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லித் தட்டச்சு செய்வார். திரையில் வந்த பதிலையும், தாளில் 'வர வேண்டியது' என்று எழுதியிருப்பதையும் வாசித்தவர் ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் அந்தப் படிக்கு நேரே உள்ள கட்டத்தில் தன் பெயர் முத்திரையை அழுத்துவார். பிறகுதான் அடுத்த படி. எல்லாக் கட்டமும் சிவந்த தாள் இல்லங்களுக்குப் போகும். அவர்கள் கோப்பில் வைப்பார்கள்.

தட்டச்சு செய்பவன் முகாய்தே. முப்பத்தெட்டு வயது. கெட்டிக்காரன், அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்வான்.

"வாசிக்கறதுக்குன்னு ஒரு ஆளா? ஒரு ரேடியோ வாங்கி வெச்சா போதாதா?" என்பான்.

"நீங்க தப்பா அடிச்சா ரேடியோ நிறுத்தாது."

"நர்சம்மாவுக்கு வாய் மட்டும் குறையவே இல்ல."

"நர்ஸ் வேற, நான் வேற. நர்சுங்களுக்கு இடுப்பு போகாது."

இந்த மாதிரிப் பேச்சு தினமும் நடக்கும். இரண்டு பேரும் சிரிக்க மாட்டார்கள்.

மார்ச்சோடு முடியும் கணக்கு வருஷத்தின் கடைசியில் மருந்துப் பதிவு டேபிளைப் புதிதாக்க வேண்டும். இதுவரை பழைய வரிகளை வேறொரு டேபிளுக்கு நகலெடுத்து, எண்ணிச் சரிபார்த்து, பிறகு அழிப்பார்கள். எட்டு மணி நேரம் ஆகும். அதுவரை இல்லத்தார் காகிதத்தில் எழுதி, பிறகு உட்கார்ந்து ஏற்றி, கம்பெனியைத் திட்டித் தீர்ப்பார்கள். இந்த வருஷம் முகாய்தே நகலெடுக்கவே வேண்டாம் என்றான். 'மருந்துப்பதிவு' என்ற டேபிளின் பேரை 'மருந்துப்பதிவு_29' என்று மாற்றிவிடலாம். ஜப்பான் கணக்கில் ஹெய்செய் இருபத்தொன்பது என்று வரும் அந்த வருஷம் மொத்தமும் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய பேரில் காலியான புது டேபிள் ஒன்றைப் போடலாம். பேர் மாற்ற ஒரு நொடிகூட ஆகாது. கச்சோ எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினார். யோசனை நல்ல யோசனைதான். ஹிசாயோவே அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததைச் சொல்லவில்லை.

ஒத்திகையை அவன் தனியாகப் பார்த்தான். செய்முறைத் தாளின் இரண்டாம் வரைவுக்கும் மூன்றாம் வரைவுக்கும் இடையில் ஒரே ஒரு மாற்றம் இருந்தது. பதினான்காம் படி, புது டேபிளுக்கு, வரிகளைச் சீக்கிரம் தேட உதவும் இன்டெக்ஸ் போடுகிற கட்டளை. அதில் 'இல்லாவிட்டால் மட்டும்' என்று ஒரு நிபந்தனை நுழைந்திருந்தது.

"இது ஏன் வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பாதுகாப்புக்கு."

"எதுலேர்ந்து பாதுகாப்பு?"

"உங்க கேள்வியிலேர்ந்து. நுகினா ஸான், தாளை வாசிக்கறதுதான் உங்க வேலை. திருத்தறது இல்ல."

முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. மதிய மருந்துச் சுற்று ஒரு மணிக்கு முடியும். மாலைச் சுற்று ஐந்தரைக்கு ஆரம்பிக்கும். இடையில் இரண்டிலிருந்து நாலு வரை கம்பெனிக்கு நேரம். அன்று மாலை மருந்திலிருந்து புது டேபிள் என்று இல்லங்களோடு ஒப்பந்தம். நாலு மணிக்குக் கச்சோ எல்லா இல்லங்களுக்கும் 'செல்போனில் ஆரம்பிக்கலாம்' என்று மெயில் அனுப்புவார். அதுவரை காகிதம்.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தார்கள். முதல் பத்துப் படிகளில் பேச்சு எதுவும் இல்லை. பதினொன்றில் பேர் மாறியது. பன்னிரண்டில், பழைய வருஷத்தைத் தேடுகிற அறிக்கைத் திரைகளுக்குப் புதுப் பேர் சொல்லப்பட்டது. பதின்மூன்றில் புது டேபிள் பிறந்தது. ஹிசாயோ முத்திரையை மை அட்டையில் தொட்டுத் தொட்டு அழுத்திக்கொண்டே வந்தாள்.

"பதினாலு. இன்டெக்ஸ் போடறது. இல்லாவிட்டால் மட்டும்." விரல் தாளின் மேல் நின்றது.

முகாய்தே திருப்பிச் சொன்னான். அடித்தான். திரையில் ஒரு வரி வந்தது: 'அறிவிப்பு: அந்தப் பேரில் ஏற்கெனவே ஒன்று உள்ளது. தவிர்க்கப்பட்டது.'

தாளில் 'வர வேண்டியது' என்ற இடத்தில், 'பிழை வராது' என்று இருந்தது.

"பிழை இல்ல. சரி. அடுத்தது," என்றான் முகாய்தே.

"எது ஏற்கெனவே இருக்கு?"

"இன்டெக்ஸ்."

"டேபிளே இப்பத்தான் பொறந்துச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகல. அதுக்கு எப்படி ஏற்கெனவே இன்டெக்ஸ் இருக்கும்?"

"இருக்குன்னு அதுவே சொல்லுது. நீங்க மெஷினைவிடப் பெரிய ஆளா?"

"எந்த டேபிள் மேல இருக்குன்னு சொல்லலயே."

அவன் கை விசைப்பலகை மேல் ஒரு கணம் நின்றது. ஹிசாயோ அதைப் பார்த்தாள். அவனுக்கும் அந்த நொடியில் புரிந்துவிட்டது என்று அவள் பிறகு உறுதியாகச் சொன்னாள். அவன் இல்லை என்றான். இரண்டில் எது நிஜம் என்று யாருக்கும் தெரியாது. அவன் வாயைத் திறந்தபோது சொன்னது இதுதான்:

"அது அறிவிப்பு. பிழைன்னா சிவப்புல வரும். தாள்ல என்ன எழுதியிருக்கோ அதைப் பாருங்க. முத்திரையைக் குத்துங்க."

"குத்த மாட்டேன்."

கச்சோ வந்தார். ஐம்பது வயது, எப்போதும் சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பார், அவசரத்தில் இருப்பவர் மாதிரி. அவருக்கு டேட்டாபேஸ் தெரியாது, விற்பனையிலிருந்து வந்தவர். என்ன தாமதம் என்று முகாய்தேயைக் கேட்டார். ஹிசாயோதான் பதில் சொன்னாள்.

"கச்சோ, இரநூத்தியொண்ணாம் ரூம்ல ஒருத்தர் இருக்கார். அவரைக் கட்டிலோட முந்நூத்தியஞ்சுக்கு மாத்தறோம். கட்டிலோட தலைமாட்டுல 'இரநூத்தியொண்ணு'ன்னு ஒரு அட்டை தொங்குது. அதை யாரும் மாத்தல. கட்டிலோடவே போயிடுச்சு. இப்ப இரநூத்தியொண்ணுக்குப் புதுசா ஒருத்தர் வர்றார். நீங்க ஆள்கிட்ட, 'இந்த இல்லத்துல இரநூத்தியொண்ணுன்னு அட்டை இல்லேன்னா மட்டும் ஒண்ணு மாட்டு'ன்னு சொல்றீங்க. அவன் சுத்திப் பாத்துட்டு, 'இருக்கு, முந்நூத்தியஞ்சுல தொங்குது'ன்னு வந்துடறான். புதுசா வந்தவர் தலைமாட்டுல அட்டையே இல்ல."

"அட்டை இல்லேன்னா என்ன?"

"இந்த அட்டைதான் ஒரே ஆளுக்கு ஒரே வேளை மருந்து ரெண்டாம் தடவை போகாம தடுக்குது. பேரு மாத்தினது டேபிளுக்கு. இன்டெக்ஸ் பேரு தானா மாறாது. பழைய டேபிள்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு. புது டேபிளுக்குக் காவல் இல்ல."

அது சாதாரண இன்டெக்ஸ் இல்லை. தேடுவதை வேகமாக எடுத்துக் கொடுப்பது போக, ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே வேளை, ஒரே மருந்து என்று இரண்டாவது வரி வந்தால் உள்ளே விடாது. இல்லத்தில் மருந்தை வாயில் போடுவதற்கு முன் செல்போனில் தட்ட வேண்டும் என்பது விதி. யாராவது முன்பே கொடுத்திருந்தால் சிவப்பாக 'கொடுத்தாச்சு' என்று வரும். கை நின்றுவிடும். மாலையில் பகல் ஆட்கள் போய் அடுத்த ஆட்கள் வருகிற நேரத்தில்தான் அந்தச் சிவப்பு அதிகம் வரும். ஒரே வரிசையில் இரண்டு பேர் இரண்டு முனையிலிருந்து தட்டோடு வருவார்கள். மறதி நோய்க்காரரைக் கேட்டால் 'இன்னும் கொடுக்கல' என்றுதான் சொல்வார். ரத்தம் இளக்குகிற மருந்து இரண்டு மடங்கு போனால் என்ன ஆகும் என்று ஹிசாயோ ஒரு தடவை பார்த்திருக்கிறாள். படுக்கை விரிப்பை மாற்றியது அவள்தான்.

கச்சோ முகாய்தேயைப் பார்த்தார். "அப்படியா?"

"மூணு தடவை ஒத்திகை பாத்தாச்சு, கச்சோ. மூணு தடவையும் பிழை வரல."

"முதல் ஒத்திகையில வந்துச்சா இல்லையா?" என்றாள் ஹிசாயோ. "'அந்தப் பேரு ஏற்கெனவே இருக்கு'ன்னு சிவப்புல வந்துச்சு. ஏன் வருதுன்னு பாக்காம, வராம இருக்க ஒரு வார்த்தையைச் சேத்தீங்க."

"நீங்க கூட இருந்து பாத்தீங்களா?"

"வரைவைப் பாத்தேன். காய்ச்சல் அடிக்குதுன்னு தெர்மாமீட்டரை உடைச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு."

முகாய்தேயின் காது சிவந்தது. "பதினெட்டு வருஷம் டயபர் மாத்தின கைக்கு இங்க என்ன தெரியும்னு இவங்க பேச்சைக் கேக்கறீங்க, கச்சோ? மணி மூணு. இன்னும் எட்டுப் படி இருக்கு."

"டயபர்ல பேரு மாறினாலும் பிரச்சினைதான்," என்றாள் அவள்.

கச்சோவுக்கு மணிதான் கவலை. ஒரு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று இல்லங்களுக்கு மெயில் போக வேண்டும். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். "மேல போங்க," என்றார். "அதைத் திங்கட்கிழமை பாத்துக்கலாம்." பிறகு ஹிசாயோவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நுகினா ஸான். இன்னிக்கு என்ன தேதின்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்க பேப்பர் என் மேசையிலதான் இருக்கு. சும்மா கஷ்டப்படுத்திக்காதீங்க."

"தேதி தெரியும், கச்சோ."

"அப்ப முத்திரை?"

"மத்த படிக்கெல்லாம் வாசிக்கறேன், குத்தறேன். பதினாலுக்கு மாட்டேன்."

வாசித்தாள். பதினைந்து, பதினாறு, பதினேழு. குரலில் மாற்றமில்லை. பத்தொன்பதாம் படி சோதனைப் பதிவு: இல்லாத ஒரு மனிதருக்கு இல்லாத ஒரு மருந்தை ஒரு தடவை தட்டிப் பார்ப்பது. முகாய்தே தட்டினான். பதிவானது.

"இன்னொரு தடவை அதையே தட்டுங்க," என்றாள்.

"தாள்ல ஒரு தடவைன்னுதான் இருக்கு."

"தெரியும். இன்னொரு தடவை தட்டுங்க."

"தாள்ல இல்லாததைச் செய்யக் கூடாது. அஞ்சு வருஷமா என் காதுல ஓதினது நீங்கதானே?"

அது உண்மை. அவள்தான் ஓதினாள். அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது. இருபத்திரண்டு வரை வாசித்து முடித்து, தாளை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். எல்லாக் கட்டமும் சிவப்பு. பதினான்கு மட்டும் வெள்ளை. மணி மூன்று நாற்பது.

வாடிக்கையாளருக்கு நேராகப் போன் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அவள் அதைப் பலமுறை படித்திருக்கிறாள். ஜன்னல் பக்கம் போய், தன் போனை எடுத்து, ஹமாதேரா பக்கம் இருந்த தொண்ணூறு படுக்கை இல்லத்தின் தலைமை நர்சைக் கூப்பிட்டாள். ஷியோமி. ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே இல்லத்தில் வேலை பார்த்தவர்கள். மருந்துத் தட்டைக் கூடத்தில் ஆளில்லாமல் வைத்துவிட்டுப் போனாள் என்று ஹிசாயோ ஷியோமியைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதில்லை.

"யாரு? நுகினாவா? இன்னும் உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். கேளு. நாலு மணிக்கு 'ஆரம்பிக்கலாம்'னு மெயில் வரும். உடனே ஆரம்பிக்காதே. பயிற்சிக்குன்னு ஒரு பொய்யான ஆள் வெச்சிருப்பீங்கல்ல? அவருக்கு ரெண்டு செல்போன்ல ஒரே மருந்தைத் தட்டிப் பாரு. சிவப்பு வந்தா நான் மடச்சி. வரலேன்னா காகிதத்தை விடாதே."

"இதைச் சொல்ல நீ ஏன்? உங்க கம்பெனியில வாய் இருக்கிற ஆம்பளைங்க இல்லையா?"

"இருக்காங்க. அதான் பிரச்சினை."

ஷியோமி சிரிக்கவில்லை. "இப்பவும் நீ கோள் சொல்றதை விடல," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நாலு மணிக்கு மெயில் போனது. நாலு ஐந்துக்குக் கச்சோவின் மேசைப் போன் அடித்தது. அவர் எடுத்து, பேர் சொல்லி, வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஷியோமி ஆரம்பித்துவிட்டாள். அறைக்கே கேட்டது.

"ரெண்டு தடவை வாங்கிக்கிச்சு! என் முன்னால! ரெண்டு தடவையும் பச்சை! என் ஆளுங்க அந்தப் பச்சையை நம்பித்தான் வாயில போடறாங்க, தெரியுமா உங்களுக்கு? யாராவது செத்தா நீங்க வந்து விரிப்பு மாத்துவீங்களா?"

கச்சோ நின்றபடி போனுக்குக் குனிந்துகொண்டே இருந்தார். மன்னிக்கணும் என்று ஆறு தடவை சொன்னதை ஹிசாயோ எண்ணினாள். வைத்ததும் முதலில் அவளைத்தான் பார்த்தார். பிறகு முகாய்தேயை. "சரி பண்ணு" என்று கத்தினார். மறுபடி நாற்பத்து மூன்று இல்லங்களுக்கும் மெயில் அனுப்பச் சொன்னார்: மறு அறிவிப்பு வரை காகிதம்.

முகாய்தே நாற்காலியில் உட்கார்ந்தான். கை தயாராக இருந்தது, ஆனால் தாளில் இல்லாததை அடிக்கக் கூடாது. ஹிசாயோ பேனாவை எடுத்து, பதினான்காம் படியின் மேல் இரண்டு கோடு இழுத்து அடித்தாள். பக்க ஓரத்தில் இரண்டு வரி எழுதினாள். முதல் வரி: பழைய டேபிளில் ஒட்டிக்கொண்டிருந்த இன்டெக்சின் பேரையும் '_29' என்று மாற்றுவது. இரண்டாவது: புது டேபிளுக்கு இன்டெக்ஸ் போடுவது, நிபந்தனை எதுவும் இல்லாமல். பேர் இன்னும் எங்காவது இருந்தால் சிவப்பில் கத்தட்டும்.

"பதினாலு அ," என்று வாசித்தாள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னான். அடித்தான். பேர் மாறியது.

"பதினாலு ஆ."

அடித்தான். இன்டெக்ஸ் விழுந்தது. தவிர்க்கப்படவில்லை.

இல்லாத மனிதருக்கு ஒரு தடவை தட்டினான். பச்சை. அவள் சொல்வதற்கு முன்பே இரண்டாம் தடவை தட்டினான். சிவப்பு.

"திருப்தியா?" என்றான்.

"அந்த நிபந்தனையை மத்த செய்முறைத் தாள்லயும் எங்கெல்லாம் சேத்திருக்கீங்கன்னு பாருங்க."

"போய்த் தொலைங்க."

நாலு முப்பத்தொன்றுக்கு 'இப்போது ஆரம்பிக்கலாம்' என்று மூன்றாம் மெயில் போனது. ஷியோமியிடமிருந்து இரண்டு சொல்லில் பதில் வந்தது: 'சிவப்பு. சரி.' ஐந்தரை மணிச் சுற்று எல்லா இல்லங்களிலும் செல்போனில் நடந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஆறு மணிக்குக் கச்சோ அவளைக் கூப்பிட்டார். மேசையில் இழுப்பறை திறந்திருந்தது. ஒப்பந்தம் வெளியே வரவில்லை. முகாய்தே பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான்.

"வாடிக்கையாளருக்கு நேராப் போன் பண்ணியிருக்கீங்க."

"பண்ணினேன். அதுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுக்கறேன்."

"கடிதம் போதாது. இது ஒப்பந்த மீறல். இதை வெச்சு நான் புதுப்பிச்சேன்னா மேல என்னைக் கேப்பாங்க. அஞ்சு வருஷம் நல்லா உழைச்சீங்க. நன்றி." அவர் ஒரு தரம் தலை குனிந்தார். "போறதுக்கு முன்னாடி தாள்ல முத்திரையை மட்டும் வெச்சுட்டுப் போங்க."

தாள் அவர் முன்னால் கிடந்தது. ஓரத்தில் அவள் கையெழுத்தில் அந்த இரண்டு வரியும், அடித்த பதினான்காம் படியும். கையால் திருத்தினால், திருத்தியவரின் முத்திரை திருத்தத்தின் மேலேயே விழ வேண்டும். இல்லாவிட்டால் அது திருத்தம் இல்லை, கிறுக்கல். கிறுக்கல் உள்ள தாள் இல்லங்களுக்குப் போகாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அந்தத் தாள் தன் கைக்கு வர வேண்டும் என்று ஷியோமி எழுத்தில் கேட்டிருந்தாள்.

ஹிசாயோ உட்கார்ந்தாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை, இடுப்பு சொன்னது.

"எந்தக் கட்டத்துல?" என்றாள்.

"பதினாலு. அப்புறம் அந்த ரெண்டு திருத்தத்துக்கும்."

"நாளையிலேர்ந்து நான் இங்க வேலை பாக்கற ஆள் இல்ல. இல்லாத ஆளு எதுக்கு முத்திரை வைக்கணும்?"

"இன்னிக்கு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்க."

"அப்ப பன்னெண்டு வரைக்கும் யோசிக்கறேன்."

முகாய்தே சுவரிலிருந்து நகர்ந்தான். "கச்சோ, இதுக்குப் போய்க் கெஞ்சணுமா? ஸ்டேஷன் பக்கத்துல நூறு யென் கடையில பேர் முத்திரை அடுக்கியிருக்கான். நானே போய் வாங்கிட்டு வந்து குத்திடறேன்."

"போய்த் தேடுங்க," என்றாள் ஹிசாயோ, திரும்பிப் பார்க்காமல். "தனாகா இருக்கும், யமாமோட்டோ இருக்கும். நுகினா இருக்காது. எந்தக் கடை அடுக்குலயும் இருக்காது. இதையே நான் சொல்லி வெச்சு, பத்து நாள் காத்திருந்து செஞ்சு வாங்கினது. இதுவரைக்கும் அந்தப் பேரால எனக்கு ஒரு நன்மையும் இருந்ததில்ல."

முகாய்தேக்கும் அது தெரியும். அவன் பேரும் அந்த அடுக்கில் கிடையாது. மறுபடி சுவரில் சாய்ந்தான்.

கச்சோ தன் சட்டைக் கையை இறக்கினார். மறுபடி மடித்தார். "இது மிரட்டல், நுகினா ஸான்."

"மூணு மணிக்கு நீங்க என் பேப்பரைப் பத்திச் சொன்னது என்ன, கச்சோ?"

அறையில் அச்சு எந்திரம் ஒன்று எதையோ அச்சடித்து நின்றது. ரயில் ஒன்று போனது. ஹிசாயோ அவசரப்படவில்லை. சாப்பிட மறுக்கும் கிழவர்கள் முன்னால் கரண்டியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவள் அவள்.

"ஒண்ணு சொல்றேன்," என்றாள். "பதினாலுக்கு நான் குத்த மாட்டேன், அது தப்பாப் போச்சு, அடிச்சாச்சு. அடிச்சதுக்கும், ரெண்டு திருத்தத்துக்கும் திருத்த முத்திரை வைக்கறேன். போன் பண்ணினதுக்கு மன்னிப்புக் கடிதம் இப்பவே எழுதித் தர்றேன். அது நான் செஞ்சது. ஆனா நீங்க என் ஒப்பந்தத்துல முதல்ல வைங்க. நான் இதுல அப்புறம் வைக்கறேன்."

"நீங்க முதல்ல வைங்க. நான் வார்த்தை தர்றேன்."

"வார்த்தைக்கு முத்திரை இல்லையே, கச்சோ."

இழுப்பறையிலிருந்து ஒப்பந்தம் வந்தது. கச்சோ அதை அவள் கண் முன்னால் ஒரு தடவை படித்தார், ஏதாவது தப்பு இருந்தால் அதைச் சொல்லித் தள்ளிப் போடலாம் என்கிற மாதிரி. தப்பு இல்லை. மை அட்டையைத் திறந்தார். அழுத்தினார்.

ஹிசாயோ அதைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். "ஒரு ஓரம் பதியல. இன்னொண்ணு வைங்க."

முகாய்தே மூக்கால் ஒரு சத்தம் விட்டான். கச்சோ இன்னொன்று வைத்தார். இந்தத் தடவை மேசை ஆடியது.

அதற்குப் பிறகுதான் அவள் பையைத் திறந்தாள். அடித்த கோட்டின் மேல் ஒன்று, பதினாலு அ-வில் ஒன்று, பதினாலு ஆ-வில் ஒன்று. மூன்றும் நேராக விழுந்தன. மன்னிப்புக் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து ஏழு வரியில் எழுதினாள். ஒப்பந்தத்தின் தன் பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பொதுவாக ஒரு தரம் தலை குனிந்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனாள். இடுப்பு வலித்தது. வழியில் கடையில் வலிக்கு ஒட்டுகிற பட்டை வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை, நிரந்தரமாக்கும் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கச்சோவின் மேசையில் வைத்தாள். சட்டப்படி அதை மறுக்க முடியாது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்துத் தட்டில் போட்டார். முகம் நிமிரவில்லை.

அந்த வாரமே அவள் மேசையை அச்சு எந்திரத்துக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். செர்ரிப் பூ பார்க்க எல்லோரும் பூங்காவுக்குப் போனபோது, சனிக்கிழமை நடந்த வேலையின் அறிக்கையை முடிக்கச் சொல்லி அவளை ஆபீசில் விட்டுவிட்டுப் போனார்கள். அவள் முடித்தாள்.

வியாழக்கிழமை அடுத்த வேலைக்குத் தாளோடு முகாய்தேயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குளியல் பதிவு டேபிளுக்கும் பேர் மாற்ற வேண்டியிருந்தது. தாளில் தயாரித்தவர் பேர் முகாய்தே. டேபிளின் பேரை மாற்றும் வரிக்கு அடுத்ததாக, இன்டெக்சின் பேரை மாற்றும் வரியும் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எங்கும் எழுதவில்லை.

"இன்னும் எத்தனை வருஷம் இங்க இருக்கப் போறீங்க?" என்று கேட்டான், திரையைப் பார்த்தபடி.

"அறுபத்தஞ்சு வரைக்கும். எட்டு வருஷம்."

"எட்டா." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "எங்க அப்பாவுக்குக்கூட இவ்ளோ கெட்டி ஆயுசு இல்ல. வாசிங்க, ஆரம்பிக்கலாம்."

வாசித்தாள்.